தகட்டைத் துலக்காதீர்கள், தம்பி

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள டோங்காட்டில் இருக்கிறேன். தாத்தா ஆசையாக வைத்திருந்த மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார், நான்கு கதவு வண்டி, பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. தாத்தா இறந்துவிட்டார். அதை என் பெயருக்கு மாற்றி, சரி செய்து ஓட்ட ஆசை. பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள அடையாளத் தகடு வெள்ளை பூத்துப் போயிருக்கிறது. 'எம்/ஏஎஸ்' என்று தொடங்குவது தெரிகிறது. அடுத்தது 3ஆ 5ஆ என்று புரியவில்லை. அப்புறம் 7 என்று தொடங்கும் ஆறு இலக்கத்தில் கடைசி இரண்டும் அழிந்துவிட்டன. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும் என்கிறார் அத்தை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து வெற்றுத் தகடு வரவழைத்துப் புது எண் அடித்துத் தருகிறேன் என்கிறார். எது நல்லது? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. முதலில் அத்தையைத் தடுங்கள். குத்துவிளக்கு பித்தளை, அது புளியைத் தாங்கும். படத்தில் நான் பார்ப்பது அலுமினியம். ஏற்கெனவே அமிலம் தின்ற அலுமினியத்தின் மேல் இன்னொரு அமிலத்தைப் போட்டால் மிச்சம் இருப்பதும் போகும். எலுமிச்சை, வினிகர் வேண்டாம். அடுப்பு துடைக்கும் காரத் திரவமும் வேண்டாம், அது இன்னும் மோசம். உப்புத்தாள், கம்பித் தூரிகை, துலக்கும் பசை எதுவுமே தகட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

தகடு இப்படி ஆனதற்குக் காரணம் பேட்டரிதான். மைனரில் பேட்டரி எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் அமில ஆவி நேராகத் தகட்டில் படும். அதோடு நம் ஊர்க் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? டோங்காட்டிலிருந்து மெரேபேங்க் வரை இந்தக் கரையோரத்தில் நான் பார்த்த பி.எம்.சி. (மோரிஸைச் செய்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வண்டிகளில் பாதிக்கு இதே நோய்தான். பேட்டரியை இன்றைக்கே கழற்றி வெளியே வையுங்கள்.

தேய்க்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம்பர் பஞ்ச் (எண் செதுக்கிய எஃகு முளை) வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது மேலே பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேற்பரப்பு தேய்ந்து பள்ளம் மறைந்த பிறகும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கும். திருடர்கள் அரைத்து எடுத்த எண்ணைக் காவல் துறை ஆய்வகம் அமிலக் கரைசல் தடவி மீட்பது இந்த இறுக்கத்தை நம்பித்தான். இறுகிய இடமும் இறுகாத இடமும் ஒரே மாதிரி அரிபடாது என்பதால் எண் நிழல் போல எழும்பும். எஞ்சின் பிளாக் போன்ற கனத்த உலோகத்தில் இது நன்றாக வரும். மெல்லிய தகட்டில் அடியில் இருப்பதே கொஞ்சம். அதையும் நீங்கள் உப்புத்தாளால் எடுத்துவிட்டால் யாராலும் மீட்க முடியாது. இந்தக் கரைசல் வேலையை வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். அது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும் வாய்ப்பு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, குழந்தைகளின் பல் தூரிகையால் மெதுவாகத் தட்டித் தட்டிக் கழுவுங்கள். வெள்ளைப் பொடியில் இளகியது மட்டும் வரட்டும். வராததை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

இருட்டியதும் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தகட்டோடு தகடாக, கிட்டத்தட்டச் சுவரில் படுத்த மாதிரி வையுங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு கரை இருளும், மறு கரை மின்னும். போனை ஏதாவது ஒன்றில் அசையாமல் சாய்த்து வைத்துவிட்டு, விளக்கை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். ஒரே கோணத்தில் எல்லா இலக்கமும் தெரியாது. நிற்கும் கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழும்பும், படுக்கும் கோடுகளுக்கு மேலிருந்து வெளிச்சம் வேண்டும். 1ஐயும் 7ஐயும் பிரிப்பது அந்தப் படுக்கைக் கோடுதான். அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். சில சமயம் அதில்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தடவி எடுப்பதும் நல்ல வழி. அதைவிட நல்லது, பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் சிலிக்கோன் புட்டி. தகட்டில் அழுத்தி, இறுகியதும் உரித்தால், கண்ணாடியில் பார்ப்பது போல் தலைகீழான எண் மேடாக நிற்கும். தகட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. எஞ்சின் அறையோடு சேர்த்துத் தகட்டுக்கும் பெயின்ட் அடித்த வண்டி ஒன்று ஸ்டேங்கர் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தது. மூன்று கோட் பெயின்ட். உரிமையாளர் எண் போயே போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார். புட்டி அச்சில் எல்லா இலக்கமும் வந்தன. பெயின்ட் தகட்டைக் கெடுக்கவில்லை, அமில ஆவியிலிருந்து காப்பாற்றியிருந்தது. அந்தப் பெயின்டை எடுக்க ஸ்ட்ரிப்பர் போட்டிருந்தால் தகட்டில் அச்சிட்ட எழுத்துகள் எல்லாம் வழிந்து போயிருக்கும்.

தகட்டைக் கழற்றி முதுகுப் பக்கம் பார்க்கலாமே என்று தோன்றும். பஞ்ச் அடித்த தகட்டின் முதுகில் எண் தலைகீழாக எழும்பியிருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் நீங்களாகக் கழற்றாதீர்கள். மூலைகளில் இருக்கும் அந்தப் பழைய ஆணிகள்தான் உங்களுக்குச் சாட்சி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது 3ஆ 5ஆ என்ற சந்தேகம். இதைத் தகட்டைப் பார்க்காமலே தீர்க்கலாம். 1958க்குப் பிறகு வந்த இந்த எண் முறையில் 'எம்' என்றால் மோரிஸ், 'ஏ' என்றால் எஞ்சின் அளவு வகை, 'எஸ்' என்றால் நான்கு கதவு சலூன். இரண்டு கதவாக இருந்தால் '2எஸ்' என்று இருக்கும். அடுத்த இலக்கம் எத்தனையாவது தொடர் என்பதைச் சொல்லும். 3 என்றால் 948 சி.சி. எஞ்சின் காலத்து வண்டி, 5 என்றால் 1098 சி.சி. காலத்தது. 1098 வந்தது 1962இல், இங்கிலாந்தின் இலையுதிர் பருவத்தில், அதாவது நமக்கு வசந்தத்தில். அப்போது வரிசை எண் 9,90,000ஐத் தொட்டிருந்தது. உங்கள் எண் 7இல் தொடங்குகிறது என்பது உறுதி என்றால் அது 948 வண்டி, ஆகவே அது 3.

இதை வண்டியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். முன்சக்கர பிரேக் டிரம்மின் உள் விட்டத்தை அளந்து பாருங்கள். 948க்கு 7 அங்குலம், 1098க்கு 8 அங்குலம். கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில், திரும்பும் பக்கம் காட்டக் கை நீட்டும் பழைய டிராஃபிகேட்டர் இருக்கிறதா? மைனரில் அது 1961 வரைதான். எஞ்சினை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 948 வண்டியில் 1098 எஞ்சினைத் தூக்கிப் போடுவது அந்தக் காலத்தில் நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் செய்த வேலை.

(1950களின் நடுவில், 1958க்கு முன் வந்த மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் எண் முறை வேறு. 'எஃப்' என்று தொடங்கி மூன்று எழுத்து, இரண்டு இலக்கம் வரும். இலக்கங்களில் முதலாவது 5 என்றால், வலப்பக்க ஸ்டீயரிங்கோடு பெட்டியில் பாகங்களாகக் கப்பலேறி வந்து வேறு நாட்டில் பூட்டப்பட்ட வண்டி.)

மிச்சம் கடைசி இரண்டு இலக்கம். கணக்குப்படி நூறு வாய்ப்பு. ஆனால் இலக்கத்தின் தலை வளைவா தட்டையா என்று மட்டும் தெரிந்தால்கூட நூறு வெகுவாகக் குறையும். தட்டையான தலை என்றால் 5 அல்லது 7தான். இப்படிக் குறைத்து வைத்துக்கொண்டு, தகட்டை விட்டுவிட்டுக் காகிதத்துக்குப் போங்கள். உண்மையில் இதைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும், யாரும் செய்வதில்லை.

தாத்தாவின் பெட்டியைக் கிளறுங்கள். பதிவுச் சான்றிதழ், பழைய காப்பீட்டுத் தாள், கராஜ் ரசீது, போலீஸ் அபராதச் சீட்டு எதுவானாலும் சரி. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கைப் பாருங்கள். இப்போதைய டிஸ்க்குகளில் வண்டியின் பதிவேட்டு எண், சேசிஸ் எண் (உங்கள் தகட்டில் உள்ள அதே எண்), எஞ்சின் எண் மூன்றும் அச்சாகியிருக்கும். புது டிஸ்க் வந்ததும் பழையதைக் கிழித்துக் கையுறைப் பெட்டியில் போடுகிற பழக்கம் நம் தாத்தாக்களுக்கு உண்டு. அதைக் குப்பை என்று கொட்டிவிடாதீர்கள்.

எண்பலகையையும் கிடைத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போய், இ-நேடிஸ் என்ற தேசிய வாகனப் பதிவுக் கணினியில் வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பல வருடம் லைசன்ஸ் புதுப்பிக்காததால் பதிவு நீக்கப்பட்டிருக்கலாம். அப்படி நீக்கியிருந்தாலும் விவரம் கிடைக்கலாம். அங்கே உள்ள எண் உங்கள் தகட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது சாய்கோடு விழுந்துவிடும், 'எஸ்' என்ற எழுத்து 5 ஆகிவிடும், முன்னெழுத்துகளே இல்லாமல் வெறும் இலக்கம் மட்டும் நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, தகட்டில் தெளிவாகத் தெரியும் நான்கு இலக்கமும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான். இருந்தால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது.

கணினியில் இல்லை என்றால் இங்கிலாந்துக்கு எழுதலாம். வார்விக்ஷரில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் மோரிஸ் உற்பத்திப் பேரேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருவார்கள். பேரேடு வண்டி எண் வரிசையில் இருப்பதால், எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும். நீங்கள் குறைத்து வைத்த எண்களில் எதற்கு நேராக உங்கள் எஞ்சின் எண் இருக்கிறதோ அதுவே உங்கள் வண்டி. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியில் பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டி என்றால் அந்தப் பேரேட்டில் விவரம் சொற்பம். பி.எம்.சி. கேப் டவுனுக்குப் பக்கத்தில் பிளாக்ஹீத்தில் ஆலை வைத்திருந்தது தெரியும்தானே. கண்ணாடிகளில் ஷாட்டர்புரூஃப் முத்திரை இருந்தால் அது நம் நாட்டில், அன்றைய போர்ட் எலிசபெத்தில் செய்த சரக்கு. எல்லாக் கண்ணாடியிலும் அதுவே இருந்தால் வண்டி இங்கே பூட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம், கேடனில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். லூக்காஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் உடம்பில் மாதமும் வருடமும் அடித்திருக்கும். இவையெல்லாம் எண்ணைத் தராது, வண்டியின் வயதைத் தரும். போலீஸ் முன்னால் உட்காரும்போது அது உதவும்.

இனி மாமாவின் நண்பர். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். வெற்றுத் தகடு விற்பதும் வாங்குவதும் ஊரறிந்த வியாபாரம்தான். ஆனால் அதில் எண் அடித்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டிய நிமிடத்தில், உங்கள் தாத்தாவின் நேர்மையான வண்டி திருட்டு வண்டி போலத் தோன்ற ஆரம்பிக்கும். 1996ஆம் ஆண்டின் தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 68(6), ஏமாற்றும் நோக்கத்தோடு எஞ்சின் எண்ணையோ சேசிஸ் எண்ணையோ மாற்றுவதைக் குற்றம் என்கிறது. அதோடு நிற்கவில்லை. எண் மாற்றப்பட்ட, சிதைக்கப்பட்ட வண்டியைச் சட்டப்படியான காரணம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம் என்கிறது. உங்கள் மொத்த வழக்கும் அந்தக் 'காரணம் இல்லாமல்' என்ற இடத்தில்தான் நிற்கிறது. தொழிற்சாலையில் அடித்த ஆணிகளோடு, பேட்டரி ஆவியில் வெள்ளை பூத்து, பக்கத்துச் சுவரும் அதே மாதிரி அரித்துப்போன தகடு இருந்தால், பார்க்கும் அதிகாரிக்கே காரணம் புரியும். பளபளப்பான புதுத் தகடும் புது ரிவெட்டும் இருந்தால் நீங்கள்தான் விளக்க வேண்டும், அவர் நம்ப வேண்டும்.

2014இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு ஒரு டாக்சி வழக்கு வந்தது. எண்களில் கை வைத்திருந்த அந்த வண்டியைப் போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைப்பற்றியிருந்தது. நீதிமன்றம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சட்டப்படியான காரணத்தோடு அப்படிப்பட்ட வண்டியை வைத்திருக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவானது. ஆனால் அந்த உரிமையாளர் அதற்காக நாட்டின் உச்சியில் உள்ள நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு யோசனையும் யாராவது சொல்லுவார்கள்: கிளேர்வுட் பக்கம் பழைய இரும்புக் கடையில் நொறுங்கிய மைனர் ஒன்றின் தகட்டையும் காகிதத்தையும் வாங்கி இதில் பூட்டிவிடு என்று. அதைக் காதிலேயே வாங்காதீர்கள்.

ஆக, எண் முழுதாகக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் போக வேண்டிய இடம் காவல் துறையின் வாகனச் சோதனைப் பிரிவு. பதிவு அலுவலகத்தில் அதற்கான கோரிக்கைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எப்படிக் குடும்பத்துக்கு வந்தது, எத்தனை நாளாக எங்கே நிற்கிறது, தகடு எப்படி அழிந்தது என்று ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதுங்கள். கழுவுவதற்கு முன் எடுத்த படங்கள், கழுவிய பின் எடுத்தவை, பென்சில் தடவல், புட்டி அச்சு, தாத்தா வண்டியோடு நிற்கும் பழைய புகைப்படம் இருந்தால் அதுவும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பங்களில் தேடிப் பாருங்கள், மாப்பிள்ளை காராகப் போன மைனர்கள் நம் ஊரில் ஏராளம். தகட்டைக் கழற்றி முதுகைப் பார்க்க வேண்டும் என்றால் அதிகாரி முன்னிலையில், அவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். அதற்கு முன் முன்சீட் பக்கத்துத் தரை விரிப்புகளைத் தூக்கி, தரைத் தகட்டில் வேறு எங்காவது எண் அடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பீட்டில் வைத்திருப்பவர்களுக்குப் பின்சீட்டுக்கு அடியில், நடு முதுகெலும்பின் மேல் எண் அடித்திருக்கும். டாட்சன் 1200 பக்கிக்கு (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள சிறு வண்டி) எஞ்சின் அறைச் சுவரிலேயே அடித்திருக்கும். அவர்களுக்குத் தகடு போனாலும் இத்தனை தலைவலி இல்லை.

எதுவும் தேறவில்லை என்றால் காவல் துறையே புது எண் ஒன்று கொடுக்க அனுமதிக்கும். சாப்வின் என்று சொல்வார்கள். அதை வண்டியில் அடித்து, இ-நேடிஸில் ஏற்றிவிடுவார்கள். போலீஸ் அனுமதி தேவைப்படும் வண்டிகளுக்கு 2012 செப்டம்பர் 1 முதல் மைக்ரோடாட் (அடையாள எண் பொறித்த நுண்ணிய புள்ளிகள்) ஒட்டுவதும் கட்டாயம், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். சாப்வின் எண் கொண்ட வண்டியைச் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பார்கள். நீங்கள் விற்கப் போவதில்லை என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அப்போதும் பழைய தகடு அதே இடத்தில் இருக்க விடுவார்களா என்று கேட்டு, விட்டால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு வண்டியை டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். பதிவும் தகுதிச் சான்றிதழும் இல்லாமல் எம்4 சாலையில் ஓட்டிப் போய்ப் போலீஸ் வாசலில் நிறுத்துகிற தைரியம் வேண்டாம்.

ஒன்றை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. தாத்தாவின் சொத்து பிரிந்ததா? வண்டி அவர் பெயரில் இருக்கும்வரை நீங்கள் உரிமையாளர் இல்லை. இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் யாருக்கு அதிகாரம் கொடுத்ததோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் அதிகாரக் கடிதம் போதும், கொஞ்சம் சுலபம். வீடும் சேர்ந்து அதைத் தாண்டினால் நிர்வாகி நியமனம் வேண்டும். அத்தை, மாமா எல்லோரும் வாரிசுகள் என்றால், வண்டி உங்களுக்கு என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு செலவு செய்ய ஆரம்பியுங்கள். டிரெய்லர் வாடகை கொடுத்த பிறகு மாமா பங்கு கேட்டால் நன்றாக இருக்காது.

எஞ்சின் எண்ணின் படம் உங்கள் கடிதத்தில் இல்லை. பிளாக்கின் வலப் பக்கம், டைனமோவுக்கு மேலே சின்னத் தகடு ஒன்று இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும், அங்கேயும் சுரண்ட வேண்டாம். '9எம்' என்று தொடங்கினால் 948, '10எம்ஏ' என்று தொடங்கினால் 1098. இரண்டும் இல்லாமல் கோல்ட் சீல் என்று இருந்தால் அது பி.எம்.சி. புதுப்பித்து மாற்றிக் கொடுத்த எஞ்சின். அப்போது பதிவேட்டில் உள்ள எஞ்சின் எண் ஒத்துப்போகாது, அதற்கு வாக்குமூலத்தில் ஒரு பத்தி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். எது என்று பார்த்து எழுதுங்கள், அந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.